பயோடேட்டாவில் எந்தத் தெரு?

விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கம் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் இவை. ஒரு காலத்தில் அவற்றில் நம் அம்மாக்களும் அத்தைகளும் மட்டுமே போனார்கள். இப்போது தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பி.காம். முடித்த மகளும் உட்கார்ந்திருக்கிறாள்.

"படிச்ச பிள்ள எதுக்குத்தா மலைக்கு வர்ற?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். "பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்குல்ல சித்தி" என்று பதில் வருகிறது. எந்தப் பரீட்சை என்று யாரும் கேட்பதில்லை. நம் குடியிருப்புகளில் பரீட்சை என்றால் அது குரூப்-4 தான்.

அந்தப் பரீட்சையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப்-4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர். அறிவிப்புக்குப் பிறகு இடங்கள் கூடுவது வழக்கம்தான் என்றாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டைத் தோராயமாகப் பிரித்தால் அந்த 3,935இல் 700 இடங்கள் வரும். அதுவும் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து. தேனி மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

குரூப்-4 எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் எழுத வேண்டும். இருநூறு கேள்விகளில் நூறு தமிழிலிருந்து வருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு, நகரத்து ஆங்கிலவழிப் பிள்ளையைவிடக் கூடுதல் பிடிமானம் உள்ள இடம் அது. நமக்கு வருத்தம் தருவது வேறு. பட்டம் வாங்கிய கையோடு நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு அந்த ஒரே தேர்வை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். இடையில் ஜீப் ஏறுகிறார்கள். 'இடையில்தானே' என்று தொடங்கியது நிரந்தரமாகிவிடுகிறது. பெண்பிள்ளை என்றால் அதற்குள் கல்யாணப் பேச்சும் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் வேலை தேடும் தலித் பட்டதாரியின் நிலையை 2019இல் கோவை மாநகராட்சி வெளிச்சம் போட்டுக் காட்டியது. 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். பத்திரிகைகள் 'பொறியாளர்கள் துப்புரவு வேலைக்கு வந்த வேடிக்கை' என்ற தொனியில் எழுதின. அரசு வேலை என்றால் சம்பளம் மாதாமாதம் வரும், முதலாளி சாதி பார்த்து நிறுத்த முடியாது என்பதற்காகத்தான் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அந்த வரிசையில் நின்றார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது புரியவில்லை.

தனியார் வேலைமீது நம் பிள்ளைகளுக்கு இருக்கும் அவநம்பிக்கை காரணமில்லாதது அல்ல. 2007இல் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டிவெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றே, பெயர் மட்டும்தான் வேறு: ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்துக்கொண்டால் தலித் பெயருக்கு 67ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 33ஆகவும் இருந்தது. நேர்காணலுக்குப் போகும் முன்பே, முகம் பார்க்காமலே நடந்த கழிப்பு இது. தில்லியில் நடந்த இன்னோர் ஆய்வில் மென்பொருள் வேலைகளில் இப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைப்பது நம் நோக்கமல்ல.

இங்கே ஒரு கேள்வி எழும். தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு அந்த வால் படிப்படியாக அறுந்துவிட்டதே? உண்மைதான். அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் சாதியைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் மனம் வேறு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. நம் பள்ளத்தாக்கில் யாரும் உங்கள் சாதி என்ன என்று கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால் "எந்தத் தெரு?" என்பார்கள். மூன்றாவது கேள்வியில் வேலை முடிந்துவிடும்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் மதிப்பெண் பட்டியலுக்கான விண்ணப்பத்திலும் இத்தனை காலம் எழுதிவந்த பழைய முகவரியைத்தான் பிள்ளைகள் இன்றும் பயோடேட்டாவில் எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் குடியிருப்புகளுக்குப் போய் உட்காரும்போது பிள்ளைகளின் பயோடேட்டாக்களை வாங்கிப் பார்ப்போம். ஏறக்குறைய எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே மாதிரியில் அடித்தவை. மேலே பெயர். அடுத்து தந்தை பெயர், தந்தை தொழில், மதம், சமூகம், கதவு எண், தெரு. படிப்பு கீழே எங்கோ வருகிறது. என்ன தெரியும், என்ன செய்திருக்கிறார் என்பது கடைசி வரி வரை வராது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு முதல் பார்வையில் இதில் எதுவும் தேவையில்லை. பெயர், ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். சமூகம், மதம், தெரு, தந்தை தொழில் நான்கையும் அடித்துவிடுங்கள் என்பதுதான் நாம் சொல்வது.

இதைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "அம்பேத்கர் தெருன்னு நெஞ்ச நிமித்தி எழுதணும்யா. நாமளே ஒளிச்சு வைக்கச் சொல்றதா?" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இது ஒளிப்பதல்ல. கேட்க உரிமை இல்லாதவனுக்கு நாமாகவே முன்வந்து கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அரசு விண்ணப்பத்தில் சாதிக்கான கட்டம் நம் உரிமைக்கான கட்டம். அங்கே எழுத்துப் பிழைகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். தனியார் விண்ணப்பத்தில் அதே விவரம் நம்மைக் கழிப்பதற்கான வசதி மட்டுமே. தோழர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

தில்லியில் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்று சொன்ன அந்த மேலாளர்கள், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனவே "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்குத் தடுமாறி, குரல் கம்மிப் பதில் சொல்லும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். "அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறார், எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி" என்று ஒரே மூச்சில், கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றுகூடப் பழகலாம்.

1917இல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அலுவலகத்தில் அவரைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கோப்புகளை மேசைமீது வீசினார்கள். வேலையை விட்டுப் பம்பாய் திரும்பியவர் 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்த மனிதர்தான் பின்னாளில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்தக் காலத்தில், 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஒதுக்கீடு வந்தது. 1945இல் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டபோதும் தொழிலாளர் துறை அவர் கையில்தான் இருந்தது. தேனியில் அந்த அலுவலகத்துக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த அலுவலகத்தைப் பதிவை மட்டும் போட்டுவிட்டு மறந்துபோகும் இடமாகத்தான் நாம் வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து பதிவுமூப்பை இழந்தவர்கள் ஏராளம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இயங்குகிறது. அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. தனியார்துறை வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். 'நான் முதல்வன்' திட்டத்தில் வங்கி, ரயில்வே, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்குத் தங்கிப் படிக்கும் இலவசப் பயிற்சி உண்டு. தாட்கோ நடத்தும் பயிற்சிகள் தனி. சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால், 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் கிடைக்கும். ஆனால் கூடலூர்ப் பிள்ளை இலவச வகுப்புக்குத் தேனி வந்துபோக வேண்டுமென்றால் பாதி நாள் பேருந்திலேயே கழிந்துவிடும், அன்றைய கூலியும் போய்விடும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ஆண்டிபட்டியிலும் வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்தினால் என்ன? மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

சான்றிதழ் விஷயத்தில் நம் பிள்ளைகள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. தேர்வில் வென்று சான்றிதழ் சரிபார்ப்பில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, பள்ளி முதல் அந்த வேலைக்குரிய படிப்பு வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆயுதம் இது. ஆனால் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரைத் தேடிக்கொண்டு ஓடினால் நடக்காது. கல்லூரிக் கடைசிப் பருவத்திலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் தோட்ட லயன்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அப்பா கேரளத்தில், தாத்தா தேவாரத்தில். சாதிச் சான்று எங்கே வாங்குவது? பட்டியல் சாதிக்கான உரிமை குடும்பத்தின் பூர்விக மாநிலத்தில்தான் செல்லும், குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. அங்கே கேட்டால் 1950க்கு முன் வந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். இங்கே வந்தால் இந்த ஊரில் குடியிருப்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாத்தாவின் பழைய பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியல், பட்டா என்று ஏதாவது ஒரு காகிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தேடி எடுத்துவிடுவது நல்லது. கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு வேறொரு நெருக்கடி. தெரு அதே தெரு, கூலி அதே கூலி, ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் போட்டியிட வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு உடைந்துபோனவர்கள் உண்டு.

கட்டணப் பாக்கி என்று சொல்லி மூலச் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரிகள் பற்றியும் புகார் வருகிறது. கல்வி உதவித்தொகை தாமதமானால் அது அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான கணக்கு. மாணவரின் மூலச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுங்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் உடைக்க வேண்டும். "நமக்கு உள்ளது 18தானே" என்று பிள்ளைகள் பேசுகிறார்கள். பொதுப்பிரிவு என்ற 31 விழுக்காடு யாருக்கும் எழுதிக் கொடுத்த இடமல்ல. தகுதி மதிப்பெண் எடுத்த எவரும் அதில் வரலாம், அப்படி வந்தவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிக்கக் கூடாது என்று 1992 மண்டல் தீர்ப்பே சொல்கிறது. மத்திய அரசு வேலைகளில் வயதுத் தளர்வைப் பயன்படுத்தியவர்களுக்கு இது பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனவே இலக்கை எஸ்.சி. கட்-ஆஃபில் வைக்காதீர்கள், பொதுப்பிரிவு கட்-ஆஃபில் வையுங்கள். அருந்ததியப் பிள்ளைகளுக்கும் இதே சொல். 2009 சட்டத்தின் 3 விழுக்காட்டில் முன்னுரிமை உண்டு, மீதமுள்ள 15இலும் போட்டியிடும் உரிமை உண்டு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகு அதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை. அது குறித்து நமக்குள் உள்ள சச்சரவைப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

மத்திய அரசுத் தேர்வுகள் பக்கம் நம் மாவட்டம் திரும்பிப் பார்ப்பதே குறைவு. எஸ்.எஸ்.சி.யின் எம்.டி.எஸ்., காவல்படைத் தேர்வுகளை இப்போது தமிழிலேயே எழுதலாம். நமக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. ரயில்வே தேர்வுக்கு வெளியூர் போக இலவசப் பயண அனுமதிச் சீட்டே தருகிறார்கள். போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூன் முதல் ரயிலும் ஓடுகிறது.

வேலை எப்படிக் கிடைத்தது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சித்தப்பா அங்க இருந்தாரு", "கூடப் படிச்சவன் சொன்னான்" என்பார்கள். விளம்பரம் வருவதற்கு முன்பே செய்தி ஒரு வட்டத்துக்குள் சுற்றிவிடுகிறது. தில்லியின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே படிப்பு முடித்த தலித் மாணவர்களையும் மற்றவர்களையும் தொடர்ந்து கவனித்த அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் இதைத்தான் கண்டார்கள். பட்டம் ஒன்றாக இருந்தாலும், சொல்லிவிட ஆள் உள்ளவர் முந்திவிடுகிறார். நமக்குச் சித்தப்பா தோட்டத்தில் இருக்கிறார், அலுவலகத்தில் இல்லை.

ஆனால் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஓர் ஆசிரியர், ஒரு காவலர், ஒரு வங்கி ஊழியர் வெளியே போயிருக்கிறார். தேனியிலோ மதுரையிலோ வீடு கட்டிக் குடியேறிவிட்டார். கோயில் திருவிழாவுக்கு வருகிறார், காது குத்துக்கு வருகிறார். அவரிடம் நாம் கேட்பது பணமல்ல. மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம். தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டிய கிராம உதவியாளர் அறிவிப்பு, ரேஷன் கடை விற்பனையாளர் தேர்வு, சத்துணவு அமைப்பாளர் இடம், இவையெல்லாம் ஊர்ப்பக்கம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடுகின்றன. அதைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட அவரால் முடியும். இட ஒதுக்கீட்டில் ஏறிப்போய் ஏணியை மறந்தவர்கள் என்று பேசினால் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

காசு கொடுத்து வேலை வாங்கும் பேச்சு எங்கே வந்தாலும் எழுந்து போய்விடுங்கள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டையும் அரை ஏக்கரையும் அடகு வைத்து ஒரு தரகரிடம் கொடுத்து, இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு வேலை என்றால் முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே வரி நீங்கலாக 30,000 ரூபாய்தான். சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குப் போகச் சொல்லி, அங்கிருந்து மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கடத்தி இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்த கதைகள் 2022 முதல் வந்துகொண்டே இருக்கின்றன. மாட்டியவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் உண்டு. அரசிடமே கேட்க வேண்டுமானால் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் எவ்வளவு நன்றாகத் தேடினாலும் இல்லாத வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்ததும் நள்ளிரவில் கைது செய்யப்பட்டதும் எதற்காக? தங்கள் வேலை தனியார் ஒப்பந்தத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக. ஒப்பந்த வேலைக்கு இனச்சுழற்சி கிடையாது. மருத்துவமனை, மின்வாரியம், உள்ளாட்சி என்று எங்கெல்லாம் வேலை ஒப்பந்தத்துக்குப் போகிறதோ அங்கெல்லாம் நம் 18 விழுக்காடு ஓசையில்லாமல் கரைகிறது. தேனி மாவட்டத்தில் எந்தத் துறையில் எத்தனை இடம் காலி, இனச்சுழற்சிப் பதிவேட்டில் எத்தனை பின்னடைவுப் பணியிடம் என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். குரூப்-4க்குப் படிக்கும் மாணவர்களே இதைச் செய்யலாம். படித்ததற்கும் ஒரு பயிற்சி.

முதலில் சொன்ன ஜீப்பில் போகும் அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். பயோடேட்டாவில் தெருவையும் சமூகத்தையும் அடித்துவிட்டு, அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக ஜீப்பில் வரும் ஆட்களின் வேலை நாள், கூலி, முன்பணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது யார் என்று கேட்டோம். "நான்தான் எழுதுவேன் அண்ணே. கங்காணிக்குக் கணக்கு வராது" என்றாள். போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது. 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'பதினெட்டுத் தொழிலாளர்களின் வருகை, கூலிக் கணக்குப் பராமரிப்பு, இரண்டு ஆண்டுகள்' என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு டேலி சான்றிதழையும் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.